முள் கத்தரியின் இலைச் செல்லில் ஒரு காஸ்9 கிட்: வேலூரிலிருந்து ஒரு மதிப்புரை

தாவர மரபணுத் திருத்தத்தில் இறங்க நினைக்கும் சிறிய ஆய்வகங்களை நோக்கி இப்போது விற்கப்படும் ஆயத்த காஸ்9 (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டும் புரதம்) கிட் ஒன்றை எங்கள் துறைக்கு வாங்கி, வேலூர் முள் கத்தரியின் இலைச் செல்களில் பயன்படுத்திப் பார்த்தோம். காஸ்9 எங்கே வெட்ட வேண்டும் என்று காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. நன்றாக வேலை செய்கிறதா என்பதைச் செடி வளர்ப்பதற்கு முன்பே அறிந்துகொள்ள இந்த கிட் எந்த அளவுக்கு உதவுகிறது என்பதே இம்மதிப்புரையின் கேள்வி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் புரதம் மிக நல்ல தரம். அதனுடன் வரும் கையேடும் ஒப்பீட்டுப் பொருள்களும் தாவர ஆய்வாளரை மனதில் வைத்துத் தயாரிக்கப்பட்டவை அல்ல. செல்சுவரை நீக்கி உயிருள்ள செல்களைப் பிரித்தெடுக்கும் கைப்பழக்கம் உங்கள் ஆய்வகத்தில் இருந்தால் இதை வாங்கலாம். இல்லாவிட்டால் முதலில் அந்தப் பழக்கத்துக்குச் செலவு செய்யுங்கள். இதே அமைப்புள்ள கிட்டைப் பல நிறுவனங்கள் விற்பதாலும், நான் சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அனைவருக்கும் பொதுவானவை என்பதாலும், நாங்கள் வாங்கிய நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இப்படியொரு முன்சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கத்தரியில் திசு வளர்ப்பின் வழியாகத் திருத்தப்பட்ட ஒரு செடியைப் பெறுவதென்றால், இலைத் துண்டிலிருந்து காலஸ் என்ற உருவமற்ற செல் திரள், காலஸிலிருந்து தளிர், தளிருக்கு வேர், பிறகு தொட்டிக்கு மாற்றிப் பழக்குதல், பூ, காய், விதை என்று மாதங்கள் நீளும். அத்தனைக்கும் பிறகு வழிகாட்டி ஆர்.என்.ஏ. சரியாக வெட்டவில்லை என்று தெரிந்தால், ஒரு முதுநிலை மாணவரின் ஆய்வுக்காலம் முழுவதுமே அதில் கரைந்திருக்கும். செல்சுவர் நீக்கிய செல்களில், அதாவது புரோட்டோபிளாஸ்டுகளில், அதே கேள்விக்கு 48 முதல் 72 மணி நேரத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. இந்தத் துறை தொடங்கியதே இப்படித்தான். காஸ்9-ஐக் கொண்டு மரபணுவைத் திருத்தும் கிரிஸ்பர் முறை தாவரங்களில் வேலை செய்கிறது என்று காட்டிய முதல் ஆய்வுகள் 2013 ஆகஸ்டில் ஒரே இதழில் ஒன்றாக வெளிவந்தன. நெல், கோதுமை, ஆய்வகச் செடிகளான அராபிடாப்சிஸ், நிக்கோட்டியானா பெந்தாமியானா ஆகியவற்றின் புரோட்டோபிளாஸ்டுகளிலும் இலைகளிலும்தான் அவர்கள் முதலில் சோதித்தார்கள். டிஎன்ஏ எதையும் செலுத்தாமல், காஸ்9 புரதத்தையும் வழிகாட்டியையும் முன்கூட்டியே சேர்த்து அந்தக் கூட்டையே செல்லுக்குள் அனுப்பும் முறை 2015-இல் அராபிடாப்சிஸ், புகையிலை, லெட்டூஸ், நெல் ஆகிய நான்கிலும் வெற்றிகரமாகக் காட்டப்பட்டது. நாங்கள் வாங்கிய கிட் அந்த வழியைச் சேர்ந்ததுதான்.

அணைக்கட்டு வட்டத்தின் இலவம்பாடியில் விளையும் முள் கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. காம்பிலும் புல்லி வட்டத்திலும் இலையிலும் முள் இருக்கும். பறிப்பவர் கைக்குத்தான் அதன் அருமையும் கொடுமையும் தெரியும். நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும் என்பது எல்லா வீட்டுச் சமையலறையிலும் தெரிந்த செய்தி. அந்தக் கறுப்புக்குக் காரணம் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, காயிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் போன்ற ஃபீனால் சேர்மங்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்த்து மாற்றுவதே. கத்தரியில் இந்த நொதிக்கான மரபணுக் குடும்பத்தில் பத்து உறுப்பினர்கள் உண்டு. அவற்றில் 4, 5, 6 என்று எண்ணிடப்பட்ட மூன்றை ஒருசேர முடக்கினால் வெட்டிய காய் கறுப்பது குறைகிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள். வெளியூர்ச் சந்தைக்கும், வெட்டிப் பொட்டலமிட்டு விற்பவர்களுக்கும் போகக்கூடிய ஒரு காய்க்கு இது சின்ன விஷயம் அல்ல. அந்த மரபணுக்களையே நாங்கள் இலக்காக எடுத்துக்கொண்டோம்.

கிட்டில் வருபவை சில குப்பிகள்தான். காஸ்9 புரதம், செல்லின் உட்கருவுக்குள் செல்வதற்கான முகவரித் தொடர் இணைக்கப்பட்டது. ஐம்பது சதவீதக் கிளிசரால் கலந்த கரைசலில், மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டியது. நாம் அனுப்பும் தொடருக்கு ஏற்ப வேதிமுறையில் தயாரித்த, ஏறத்தாழ 100 நியூக்ளியோடைடு நீளமுள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ., உலர்ந்த பொடியாக. வினைக்கான தாங்கல் கரைசல், ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி இல்லாத நீர், ஒப்பீட்டுக்கான ஒரு வழிகாட்டி ஆகியவையும் உண்டு. புரதத்தைச் செல்லுக்குள் செலுத்த உதவும் பாலிஎத்திலீன் கிளைக்கால், செல்சுவரைக் கரைக்கும் நொதிகள், சுவரிழந்த செல் வெடிக்காமல் காக்கும் மேனிட்டால் ஆகிய எதுவும் கிட்டில் இல்லை. அவற்றை நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் இலைப்படம் இருப்பதைப் பார்த்துத் தாவர வேலைக்கான முழுத் தொகுப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

வேலூருக்கு வந்து சேரும் விதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரிலோ சென்னையிலோ இருப்பவர்கள் எழுதும் மதிப்புரைகளில் இந்தப் பகுதி இருப்பதே இல்லை. மே மாதத்தில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். எங்களுக்கு வந்த பார்சல் கூரியர் கிடங்கில் ஓர் இரவும் அடுத்த நாள் பகலின் பெரும்பகுதியும் கிடந்தது. பிரித்தபோது ஜெல் பொதிகள் முழுவதும் உருகி, தெர்மாகோல் பெட்டியின் உட்புறம் வியர்த்திருந்தது. விற்பனைப் பிரதிநிதியிடம் தொலைபேசியில் சொன்னபோது, புரதம் அவ்வளவு எளிதில் கெடாது, பயன்படுத்திப் பாருங்கள் என்றார். புரதம் கெடவில்லை என்பது பின்னால் உண்மையென்று தெரிந்தது. ஆனாலும் பார்சலுக்குள் வெப்பநிலையைக் காட்டும் நிறம் மாறும் ஒட்டுவில்லை ஒன்றை வைத்திருந்தால் அந்த ஐயத்துடன் வேலையைத் தொடங்க வேண்டியிருக்காது. உலர்ந்த நிலையில் வந்த ஆர்.என்.ஏ.வுக்கு இந்தத் தாமதத்தால் எந்தச் சிக்கலும் இல்லை. எனவே இங்கிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் வழிகாட்டியைக் கரைசலாக அல்லாமல் உலர்ந்ததாகவே கேட்டு வாங்குங்கள். வாரத் தொடக்கத்தில் அனுப்பும்படி எழுதிக் கொடுங்கள். வந்தவுடன் புரதத்தைச் சிறு குப்பிகளாகப் பிரித்து மைனஸ் 20-இல் வைத்துவிட வேண்டும். மின்சாரம் போய்வரும் இடத்தில் உறைபெட்டிக்குத் தனி யுபிஎஸ் இல்லாமல் இதை வாங்குவது வீண்செலவு.

கையேடு முழுக்க மனித, எலிச் செல்களுக்காக எழுதப்பட்டது. புரதமும் வழிகாட்டியும் எந்த விகிதத்தில் கலக்கப்பட வேண்டும் என்பதைக் செல் வளர்க்கும் குழித்தட்டின் ஒவ்வொரு குழிக்கும் இவ்வளவு என்று கொடுத்திருக்கிறார்களே தவிர, செல் எண்ணிக்கைக்கு எவ்வளவு என்று சொல்லவில்லை. தாவரப் புரோட்டோபிளாஸ்டுகளுக்கு ஆய்வுக்கட்டுரைகளில் பெரும்பாலும் எடைக் கணக்கில், இரண்டு லட்சம் செல்களுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் என்ற அளவில் புரதம் சொல்லப்படுகிறது. இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். காஸ்9 புரதத்தின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 1,60,000. வழிகாட்டியினுடையது ஏறத்தாழ 32,000. ஆகவே 20 மைக்ரோகிராம் புரதத்துக்குச் சம எண்ணிக்கையில் வழிகாட்டி வேண்டுமென்றால் 4 மைக்ரோகிராம் போதும். இரண்டையும் எடையில் சமமாக எடுத்தால் வழிகாட்டி ஐந்து மடங்கு கூடுதலாகிவிடுகிறது. கொஞ்சம் கூடுதல் நல்லதுதான். ஆனால் கிட்டின் விலையில் பெரும்பகுதியை அந்த ஆர்.என்.ஏ.தான் விழுங்குகிறது என்பதால், இந்தக் கணக்கைப் போடாமல் கலப்பவர்கள் பாதி வேலையிலேயே குப்பி காலியாகித் திண்டாடுவார்கள். இரண்டையும் அறை வெப்பநிலையில் பத்து நிமிடம் சேர்த்து வைத்தால் கூட்டு தயாராகிவிடும். இந்தப் படியில் கையேட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கையேடு பரிந்துரைக்கும் முதல் சோதனை, குழாயில் செய்வது. இலக்கு மரபணுப் பகுதியை பி.சி.ஆர். மூலம் பெருக்கி, தூய்மைப்படுத்தி, புரத-ஆர்.என்.ஏ. கூட்டுடன் 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால், வெட்டப்பட்டிருந்தால் ஒரு பட்டைக்குப் பதில் இரண்டு பட்டைகள் தெரிய வேண்டும். இதில் கையேடு சொல்லாமல் விட்ட ஒரு நுணுக்கம் உண்டு. காஸ்9 வெட்டிய பிறகும் டிஎன்ஏவை விட்டுவிடுவதில்லை, பிடித்துக்கொண்டே இருக்கும். அப்படியே ஜெல்லில் ஏற்றினால் பட்டைகள் தெளிவாகப் பிரியாமல், ஈரச் சுவரில் வழிந்த சுண்ணாம்பைப் போல மேலிருந்து கீழே இழுபட்டுக் கிடக்கும். புரோட்டினேஸ் கே நொதியைச் சேர்த்துப் புரதத்தைச் சிதைத்துவிட்டு ஏற்றினால் பட்டைகள் கூர்மையாக நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் அப்படிச் செய்த பிறகு ஜெல்லில் கிடைத்த இரண்டு பட்டைகள் அளவிலும் கணக்கிட்ட இடத்திலேயே நின்றன. காஸ்9 தன் அடையாளத் தொடரான என்ஜிஜிக்கு (ஏதேனும் ஓர் எழுத்தும் அதை அடுத்து இரண்டு ஜி-யும்) மூன்று எழுத்துகள் முன்னால் வெட்டும் என்ற பாடப்புத்தக வாக்கியத்தை மாணவர்கள் கண்ணால் பார்த்த நாள் அது. புரதத்தின் தரத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சோதனையை வழிகாட்டியின் தரத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழாயில் இருப்பது உரித்த டிஎன்ஏ. செல்லுக்குள் அதே டிஎன்ஏ ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றி, சில இடங்களில் இறுக்கமாகவும் சில இடங்களில் தளர்வாகவும் மடிந்திருக்கிறது. குழாயில் நாங்கள் சோதித்த வழிகாட்டிகள் எல்லாமே வெட்டின. செல்லுக்குள் போனபோது அவற்றுள் ஒன்று நன்றாகவும், மற்றொன்று சுமாராகவும், இன்னொன்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு மோசமாகவும் நடந்துகொண்டன. குழாய்ச் சோதனையில் தோற்ற வழிகாட்டியைத் தூக்கி எறியலாம். வென்ற வழிகாட்டியை நம்பி ஓராண்டு வேலையைத் தொடங்கக் கூடாது. கிட்டின் விளம்பரம் இந்த வேறுபாட்டை மறைக்கிறது என்பதே அதன் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை.

உண்மையான சோதனை புரோட்டோபிளாஸ்டில்தான் நடக்கிறது. வயலிலிருந்து கொண்டுவந்த முள் கத்தரி இலை இதற்குப் பயன்படாது. அடர்ந்த மயிரும் முள்ளும் ஒருபுறம், எவ்வளவு கழுவினாலும் போகாத நுண்ணுயிரிகள் மறுபுறம். விதையைக் கிருமிநீக்கி, கண்ணாடிக் குடுவையில் வளர்த்த நாற்றின் இளம் இலையே உகந்தது. அதைப் புதிய சவர பிளேடால் அரை மில்லிமீட்டர் அகலக் கீற்றுகளாக அரிய வேண்டும். அழுத்தி நசுக்காமல், ஒவ்வொரு முறையும் இழுத்து அரிய வேண்டும். பிளேடின் முனை மழுங்கிவிட்டால் உடனே மாற்ற வேண்டும். கீற்றுகளை மேனிட்டாலும் செல்லுலேஸ், மேசரோசைம் நொதிகளும் கலந்த கரைசலில் போட்டு, இருட்டில், மெல்ல ஆட்டிக்கொண்டே சில மணி நேரம் வைத்தால், கரைசல் மெல்ல மெல்லப் பச்சையாகும். இங்கேதான் கத்தரி தன் குணத்தைக் காட்டுகிறது. எந்த நொதியை முடக்க நாம் முயல்கிறோமோ அதே நொதி, அரிந்த இலையின் விளிம்பிலிருந்து வெளிப்பட்டு, கரைசலையே பழுப்பாக்கிவிடுகிறது. பழுப்பேறிய கரைசலில் செல்கள் சாகின்றன. அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பதும், அரிந்த கீற்றுகளை மேனிட்டாலில் ஒருமுறை அலசிவிட்டு நொதியில் இடுவதும் எங்களுக்குக் கைகொடுத்தன. அராபிடாப்சிஸுக்கு 2007-இல் வெளியாகிப் பலரும் பின்பற்றும் செய்முறையை அப்படியே கத்தரிக்குப் பொருத்தினால் போதும் என்று எண்ணுபவர்கள் இந்தப் படியில் நின்றுவிடுவார்கள்.

நைலான் வலையில் வடிகட்டி, நூறு ஜி (புவியீர்ப்பின் நூறு மடங்கு) அளவுக்கு மேல் போகாத மெதுவான சுழற்சியில் படியவைத்து, நுண்ணோக்கியில் பார்க்கும்போது, சுவரை இழந்த செல்கள் ஒவ்வொன்றும் குறையில்லாத உருண்டையாக, பசுங்கணிகங்கள் விளிம்போரம் ஒதுங்கி நிற்க, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் மிதக்கின்றன. ஃபுளோரசின் டையசிட்டேட் சாயத்தை ஏற்று ஒளிர்பவை உயிருள்ளவை. அவற்றை ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணி, இரண்டு லட்சம் செல்களை ஒரு குழாயில் எடுத்து, ஆயத்தம் செய்த கூட்டைச் சேர்த்து, அதே கன அளவு நாற்பது சதவீத பாலிஎத்திலீன் கிளைக்கால் 4000 கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்க வேண்டும். குழாயை விரலால் தட்டினால் போதும். பிப்பெட்டால் இழுத்துத் தள்ளினால் செல்கள் உடைந்துவிடும். கிட்டின் தாங்கல் கரைசலில் இருக்கும் கிளிசராலும் உப்பும் கூடிவிட்டால் சவ்வூடு அழுத்தம் மாறிச் செல்கள் சுருங்குகின்றன என்பதைக் கவனித்தோம். அதனால் கூட்டின் கன அளவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். புரதம் செறிவான கரைசலாக வருவது இந்த இடத்தில் பெரிய நன்மை. நீர்த்த கரைசலாகப் புரதத்தை விற்கும் மலிவான கிட்டுகள் தாவர வேலைக்கு ஏற்றவை அல்ல.

ஒப்பீட்டுப் பொருள் பற்றி ஏற்கெனவே குறை சொன்னேன், காரணம் இதுதான். கிட்டுடன் வரும் ஒப்பீட்டு வழிகாட்டி ஒரு மனித மரபணுவுக்கானது. கத்தரிச் செல்லில் அதற்கு இலக்கே இல்லை. ஆகவே உங்கள் இலக்கில் திருத்தம் நிகழவில்லையென்றால், தவறு வழிகாட்டியிலா, புரதத்திலா, செல்லுக்குள் செலுத்திய விதத்திலா என்று பிரித்தறிய வழியில்லாமல் போகிறது. தாவரத்துக்கு ஏற்ற ஒப்பீடு எது என்பது இத்துறையில் அனைவரும் அறிந்ததே: ஃபைட்டோயீன் டீசேச்சுரேஸ் மரபணு. அது முடங்கினால் செடி வெளுத்துவிடும் என்பதால் முழுச்செடியில் கண்ணாலேயே பார்க்கலாம். செல்லிலும் அதன் வரிசையைப் படித்தால் போதும். அதற்கான வழிகாட்டியை நாங்கள் தனியாகப் பணம் கொடுத்து வாங்கினோம். பச்சை ஒளிர்புரதத்தை உருவாக்கும் பிளாஸ்மிட் (வட்ட டிஎன்ஏ) ஒன்றையும் தனிக் குழாயில் செலுத்தி, எத்தனை செல்கள் ஒளிர்கின்றன என்று எண்ணினோம். செலுத்தும் முறை சரியாக இருக்கிறதா என்பதை அதைவிட விரைவாகக் காட்டும் வழி இல்லை. இந்த இரண்டையும் கிட்டிலேயே சேர்த்துக் கொடுப்பது உற்பத்தியாளருக்கு ஒரு சுமையே அல்ல.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்க உதவும் இணையக் கருவிகளையும் சோதனையின் ஒரு பகுதியாகவே பார்க்க வேண்டும். சாப்சாப், கிரிஸ்பர்-பி, கிரிஸ்போர், காஸ்-ஆஃப்ஃபைண்டர் ஆகிய நான்குமே இலவசம். நான்குக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். என்ஜிஜி இருக்கும் இடங்களைக் கண்டுபிடிக்கவும், இலக்கை ஒத்த வேறு இடங்கள் மரபணுத் தொகுதியில் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடவும் இவற்றை முழுமையாக நம்பலாம். செயல்திறன் மதிப்பெண்ணை மட்டும் அப்படி நம்ப முடியாது. அந்த மதிப்பெண் கணிப்புகளில் பெரும்பாலானவை மனித, எலிச் செல்களில் கிடைத்த தரவுகளைக் கொண்டு உருவாக்கப்பட்டவை. தாவரங்களில் உண்மையாகக் கிடைக்கும் திறனுக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு வலுவற்றது. எங்கள் கத்தரியிலும் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற வழிகாட்டி செல்லில் முதலிடம் பெறவில்லை.

இன்னொரு எச்சரிக்கை உள்ளூர் ரகங்களோடு வேலை செய்பவர்களுக்கு. கத்தரியின் மரபணுத் தொகுதி வரிசை 2014-இல் ஜப்பானிய ரகமான நகாதே-ஷின்குரோவிலிருந்தும், 2019-இல் 67/3 என்ற இத்தாலிய வழித்தோன்றலிலிருந்தும் வெளியிடப்பட்டது. இலவம்பாடிக் கத்தரி அவற்றிலிருந்து விலகியிருக்கும் இடங்களை அந்தக் கோப்புகள் சொல்லா. வழிகாட்டியின் இருபது எழுத்துகளில், என்ஜிஜிக்கு அருகிலுள்ள பத்துப் பன்னிரண்டு எழுத்துகளுள் ஒன்று மாறினாலும் வெட்டு நின்றுவிடக்கூடும். அதனால் வழிகாட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன், உங்கள் வயல் ரகத்தின் இலக்குப் பகுதியைப் பெருக்கி, சேங்கர் முறையில் ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். அதற்கு ஆகும் செலவு வழிகாட்டியின் விலையில் மிகச் சிறிய பங்குதான்.

முடிவைப் படிக்கும் கட்டத்தில், வெளியே அனுப்பும் வரிசைப்படுத்தல் சேவையின் தரமும் கிட்டின் தரத்தோடு சேர்ந்துவிடுகிறது. சேங்கர் வரைபடத்தைப் பிரித்துத் திருத்தச் சதவீதம் கணிக்கும் டைட், ஐஸ் ஆகிய கருவிகள் எளிமையானவை. ஆனால் திருத்தம் ஐந்து சதவீதத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால் அது பின்னணி இரைச்சலில் மறைந்துவிடும். புரோட்டோபிளாஸ்ட் சோதனையில் அந்த அளவு திருத்தம் கிடைப்பது அரிதல்ல. எனவே ஐயமுள்ள மாதிரிகளை, பெருக்கிய பகுதியைப் பல ஆயிரம் முறை படிக்கும் ஆம்ப்ளிகான் ஆழ வரிசைப்படுத்தலுக்கே அனுப்ப வேண்டும். நாங்கள் அணுகிய ஒரு சேவை நிறுவனம், திருத்தப்படாத செல்களின் மாதிரியையும் சேர்த்து ஓட்டச் சொல்லியும் அதை விட்டுவிட்டு அறிக்கை அனுப்பியது. ஒப்பீடு இல்லாத அறிக்கையில் வெட்டிடத்தில் தெரியும் ஓரிரு சதவீத மாற்றம் காஸ்9 செய்ததா, பி.சி.ஆர். பிழையா என்று யாராலும் சொல்ல முடியாது. கேட்டு வாங்கிய பிறகே படிக்கத் தகுந்த முடிவு கைக்கு வந்தது. கத்தரியில் இந்த மரபணுக் குடும்பத்தின் உறுப்பினர்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், பி.சி.ஆர். பிரைமர்கள் (பெருக்கத்தைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) அந்தந்த மரபணுவை மட்டும் பிடிக்கின்றனவா என்பதையும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அண்டை மரபணுவின் திருத்தப்படாத பிரதிகள் கலந்து, கிடைத்த திருத்தத்தைக் குறைத்துக் காட்டும்.

புரோட்டோபிளாஸ்ட் வசதி இல்லாதவர்களுக்கு மயிர்வேர் முறை நல்ல மாற்று. அக்ரோபாக்டீரியம் ரைசோஜீன்ஸ் பாக்டீரியாவால் தூண்டப்படும் வேர்கள் ஒவ்வொன்றும் தனித் திருத்த நிகழ்வாக இருக்கும்; சில வாரங்களில் முடிவு தெரியும்; செல்சுவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்கு இந்த கிட் பயன்படாது, பிளாஸ்மிட் வேண்டும்.

இலவம்பாடியில் விதை வாங்கப் போனபோது ஒரு விவசாயி, "ஏன் சார், இதுவும் அந்த பி.டி. கத்தரிக்காய் மாதிரிதானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி, இந்த கிட்டை வாங்கும் ஒவ்வொருவரும் பதில் சொல்லத் தயாராக இருக்க வேண்டிய கேள்வியும்கூட. "இல்லைங்க ஐயா, வெளியிலிருந்து எந்த மரபணுவையும் இதில் வைப்பதில்லை" என்பது எங்கள் பதிலின் தொடக்கம். பி.டி. கத்தரியில் மண் பாக்டீரியாவின் மரபணு ஒன்று சேர்க்கப்பட்டிருந்தது. 2010 பிப்ரவரியில் மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. நாங்கள் செய்வது செடியின் சொந்த மரபணுவில் ஓரிரு எழுத்துகளை நீக்குவது. இவ்வகைத் திருத்தங்களில், அயல் டிஎன்ஏ இல்லாத எஸ்டிஎன்-1 (வெட்டிய இடத்தைச் செல்லே ஒட்டும்போது ஏற்படும் மாற்றம்), எஸ்டிஎன்-2 (சிறு வார்ப்புத் தொடரைக் கொண்டு செய்யும் மாற்றம்) பிரிவுகளுக்கு, மரபணு மாற்ற உயிரிகளைக் கட்டுப்படுத்தும் 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து 2022 மார்ச்சில் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. 2025 மே மாதத்தில் கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 ஆகிய இரண்டு திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. முதலாவது, நம் நெல் விவசாயிகள் பிபிடி 5204 என்று அறிந்த சம்பா மசூரியிலிருந்து ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. விலக்கு இருக்கிறது என்பதற்காக ஆய்வகத்தில் எதையும் செய்யலாம் என்று பொருளல்ல. நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பிறகே கிட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

குப்பியின் ஒட்டுச்சீட்டில் பொடி எழுத்தில் இருக்கும் உரிம வாசகத்தையும் படித்துவிடுங்கள். ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று அதில் இருக்கிறது. காஸ்9 மீதான காப்புரிமைகள் வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருப்பதால், நாளை ஒரு ரகமாக விவசாயியிடம் கொண்டுசெல்ல வேண்டுமென்றால் தனி உரிமம் தேவைப்படும். கட்டாக்கிலுள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனம் டிஎன்பிபி என்ற சிறிய புரதத்தை நெல்லில் திருத்தக் கருவியாகப் பயன்படுத்திக் காட்டியிருப்பது இந்தக் கோணத்தில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. 1,368 அமினோ அமிலங்கள் கொண்ட காஸ்9 உடன் ஒப்பிட்டால் அது ஏறத்தாழ 400 மட்டுமே கொண்டது. அதன் புரதத்தை இதே போல ஆயத்தக் குப்பியில் யாராவது விற்கத் தொடங்கினால், கத்தரிச் செல்களில் அதைச் சோதிக்க முதலில் வரிசையில் நிற்பது எங்கள் துறையாகத்தான் இருக்கும்.

கையிலுள்ள கிட்டைப் பொறுத்தவரை, புரதத்தை மீண்டும் இதே நிறுவனத்திடம் வாங்குவோம். கிட்டாக வாங்க மாட்டோம். புரதம் தனியாகவும், வழிகாட்டிகள் உலர்ந்த நிலையில் தனியாகவும் கேட்டால் கொடுக்கிறார்கள், மொத்தச் செலவும் குறைகிறது. மனித மரபணு ஒப்பீட்டுக்கும் பயன்படாத கையேட்டுக்கும் கொடுக்கும் பணம் ஃபைட்டோயீன் டீசேச்சுரேஸ் வழிகாட்டிக்குப் போய்ச் சேரும். மாவட்டத்தில் இந்த வேலையைத் தொடங்க விரும்பும் கல்லூரித் துறைகள் தனித்தனியாக வாங்காமல், ஒரே ஆர்டராகச் சேர்த்து, மழைக்காலத்துக்குப் பிந்தைய குளிர் மாதங்களில் வரவழைத்துப் பகிர்ந்துகொண்டால், கூரியர் கட்டணமும் மிச்சம், புரதத்துக்கும் பாதுகாப்பு.